நோட்டில் மட்டும் இருந்த முட்டை

என் கையெழுத்தைப் படிக்கப்போகிறவர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் கத்தியும் கரண்டியும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குக் குத்துமதிப்புதான். வரி மேலே ஏறும், கீழே இறங்கும். சில பக்கங்களில் மஞ்சள் கறை இருக்கும். சமையல்கட்டில் உட்கார்ந்து எழுதினால் அப்படித்தான். எழுத்தில் உள்ள தப்பைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு இல்லை. எல்லாவற்றையும் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

நான் கூச்சப்படுகிற ஆள். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட பந்தலில் உட்காராமல் பின்பக்கம் போய் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொள்வேன். அங்கே யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள். அப்படிப்பட்டவனுக்குச் சமையல் வேலை நல்ல மறைவிடம். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் இருபது வருஷமாகச் சமைக்கிறேன். இப்போது முதலாளி அதற்கு கஃபே என்று போர்டு மாட்டியிருக்கிறார். வெளிநாட்டுக்காரர்களும் சென்னை, பெங்களூர்க்காரர்களும் வருவார்கள். நாங்கள் ஊரில் கூழ் என்று குடித்ததை அங்கே கண்ணாடி டம்ளரில் ஊற்றி, மேலே நாலு பாதாம் சீவிப் போட்டுக் கொடுப்போம்.

எங்கள் வீடு வேங்கிக்காலுக்குப் பின்னால், புதிதாக மனை பிரித்த இடத்தில். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, கொல்லையில் ஒரு முருங்கை மரம். நான், என் மனைவி, மகன், மருமகள் என்று நாலு பேர். மகன் பைக் சர்வீஸ் கடையில் மெக்கானிக். மருமகள் தண்டராம்பட்டுப் பக்கத்து கிராமத்துப் பெண். அவள் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். மழை பெய்தால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவார், பெய்யாவிட்டால் கொத்து வேலைக்குப் போவார். அந்த மல்லாட்டையை விற்றுத்தான் மகளை பி.காம் படிக்க வைத்தார். எங்கள் வீட்டில் அதிகம் படித்தவள் அவள்தான். கலெக்டர் ஆபீஸ் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் மனு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாந்தி ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டோம். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் வழக்கம். அவளுக்குத் தாய் இல்லை. அதனால் எல்லாம் எங்கள் வீட்டிலேயே என்று முடிவானது.

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் மாறாது. முதலில் நானும் மகனும். பிறகு என் மனைவி. கடைசியில், பாத்திரத்தை எல்லாம் ஒதுக்கிவிட்டு, மருமகள். மீன் வாங்கினால் துண்டு எங்களுக்கு, தலை என் மனைவிக்கு, குழம்பு மருமகளுக்கு. சில நாள் சோறும் தீர்ந்துபோகும். ஒரு ஆளுக்காக மறுபடி உலை வைப்பார்களா? டீயில் ரெண்டு பன்னு நனைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள். இதெல்லாம் எனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும். மாமனார் மருமகளிடம் நேராகப் பேசுகிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. நான் வீட்டுக்குள் வரும்போது இருமிக்கொண்டு வருவேன், அவள் உள்ளே போய்விடுவாள். "மாமாவுக்கு காப்பி வேணுமான்னு கேளுங்க அத்தை" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். அவள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பது ஒரு ஆம்பளைக்கு அழகில்லை என்று நினைத்திருந்தேன். அந்த அழகில் நெருப்பைத்தான் வைக்க வேண்டும்.

என் மனைவியைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு ஒரு பயம். மகனுக்கு முன்னால் எங்களுக்கு உண்டான முதல் பிள்ளை உருவத்தில் பெரியது. ஊரில் வீட்டிலேயே பிரசவம். இரண்டு நாள் வலி எடுத்தும் வெளியே வரவில்லை. வந்தபோது உயிர் இல்லை. "தின்னு தின்னு புள்ளைய பெருசாக்கிட்டா" என்று வந்தவர்கள் எல்லாம் அவள் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வார்த்தையை அவள் முப்பது வருஷமாக முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். மருமகள் இன்னொரு கரண்டி சோறு போட்டால், "ஜாஸ்தி துன்னாத பொண்ணே. புள்ள பெருசாயிட்டா கத்தி வெப்பாங்க. கம்மியா துன்னு, நோவு இல்லாம பெத்துக்க" என்பாள். அன்பாகத்தான் சொல்வாள்.

அஞ்சாவது மாசம் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஏழுதான் இருந்தது. எங்கள் தெருவுக்கு வருகிற நர்ஸம்மா வாசலிலேயே சத்தம் போட்டார்.

"இன்னாம்மா இது, ஒடம்புல ரத்தம் ஓடுதா, தண்ணி ஓடுதா? பெட்டி குடுத்தோமே, நெய்யி, பேரிச்சம்பழம், சத்து மாவு எல்லாம் இருந்துச்சே, சாப்புட்டாளா?"

"சாப்புடுதுங்க. நல்லா சாப்புடுது" என்றாள் என் மனைவி.

அந்தப் பெட்டியில் இருந்த பேரீச்சம்பழத்தை, ஷெட்டில் வெயிலில் வேலை செய்கிறான் என்று மகனுக்குக் கொடுத்தாள். சத்து மாவில் உருண்டை பிடித்து வந்து போகிறவர்களுக்குக் கொடுத்தாள். நெய்யை மட்டும் தொடவில்லை. அது சாமிக்கு. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலை சுற்றும்போது எட்டு லிங்கத்துக்கும் நெய் விளக்கு ஏற்றுவதாக, சுகப் பிரசவம் ஆக வேண்டும் என்று வேண்டியிருந்தாள். கர்ப்பிணி உடம்பில் ஊற கவர்ன்மென்ட் கொடுத்த நெய், கர்ப்பிணிக்காகத் திரியில் எரிந்தது. அன்றைக்கு எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நர்ஸம்மா ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார். "தெனம் காலையில, மத்தியானம், சாயங்காலம், ராத்திரி, இன்னா சாப்புட்டாளோ அத இதுல எழுதுங்க. டாக்டரம்மா பாப்பாங்க. அத வெச்சிதான் மருந்து. புரியுதா?"

எங்களுக்குப் புரிந்தது வேறு. பரீட்சை வைக்கிறார்கள், மார்க் வாங்க வேண்டும் என்று புரிந்துகொண்டோம்.

அந்தச் சமயம் எங்கள் கஃபேவுக்குப் பின்னால் இருந்த வீட்டை ஒரு சென்னைத் தம்பதி மூன்று மாத வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இருவருக்கும் கம்ப்யூட்டரில் வேலை. அமைதியாக இருக்கும் என்று வந்திருந்தார்கள். அந்த அம்மாவும் கர்ப்பம். என் மருமகளுக்கும் அவருக்கும் பதினைந்து நாள்தான் வித்தியாசம். டாக்டர் எழுதிக் கொடுத்த சாப்பாட்டுத் தாளை அவர் புருஷன் என் அடுப்படிச் சுவரில் ஒட்டி, வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினார். காலையில் ஊறவைத்த பாதாம், பீட்ரூட் ஜூஸ், ரெண்டு அவித்த முட்டை. பதினொரு மணிக்கு மாதுளை. மத்தியானம் கீரை, பருப்பு, தயிர். நாலு மணிக்கு சுண்டல், பாதி வெண்ணெய்ப் பழம், அவகாடோ என்பார்களே அது. ராத்திரி முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. தாளில் இருந்தபடி நான் ஒரு நாள் தவறாமல் செய்து கொடுத்தேன். நல்ல அம்மா. "அண்ணா, நீங்க சாப்டீங்களா?" என்று தினமும் கேட்பார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, ஒரே ஒரு பேச்சைத் தவிர. அதற்கு வருகிறேன்.

ஒரு நாள் ராத்திரி மகன் அந்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோட்டில் ஒரு வரி இல்லை.

"யப்பா, கர்ப்பமா இருக்கறவங்க இன்னாதான் சாப்புடணும்? உனுக்குத்தான் தெரியுமே, அந்த மேடத்துக்கு ஆக்கிப் போடறியே. சொல்லு, எழுதிடறேன்."

"இவ சாப்புட்டத எழுதச் சொன்னா, எவளோ சாப்புட்டத எழுதறியாடா?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெருமையாகச் சொன்னேன். வீட்டில் என்னை ஒருவரும் எதையும் கேட்பதில்லை. அன்று மகன் கேட்கிறான், அவன் கையில் பேனா இருக்கிறது, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறான். பாதாம், பீட்ரூட், ரெண்டு முட்டை. என் மனைவி சிரித்துக்கொண்டே, "தயிரையும் எழுதுடா, நர்ஸம்மா தயிரு கேப்பாங்க" என்றாள்.

மருமகள் சமையல்கட்டில் கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எங்கள் மரத்துக் கீரைதான். மறுநாள் சென்னை அம்மாவுக்கு அடை தட்ட, ராத்திரியே உருவி ஈரத்துணியில் சுற்றி என் பையில் வைத்துவிடுவாள். நாங்கள் சொல்வது எல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது. கீரை உருவுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. வேலை முடிந்து வந்ததும் அன்று அந்த அம்மாவுக்கு என்ன சமைத்தேன் என்று நான் சொல்வேன். மகன் நோட்டில் எழுதுவான். ஒன்றரை மாசம்.

டாக்டரம்மா சின்ன வயது. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு சந்தோஷப்பட்டாராம். ரத்தத்தை மறுபடி பார்த்தபோது ஏழு ஏறவே இல்லை. அவருக்குக் குழப்பம். இவ்வளவு சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் குடலில் கோளாறா, பூச்சியா, பரம்பரையாக ரத்தத்தில் ஏதாவது வியாதியா என்று ஒவ்வொன்றாகச் சோதனைக்கு எழுதினார். ஒன்றுக்கு மட்டும் வெளியூருக்கு ரத்தம் அனுப்ப வேண்டும், முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார். என் மனைவி வீட்டுக்கு வந்து, "இன்னாவோ பெரிய வியாதி போலங்க" என்று அழுதாள். உடனே வேண்டுதலையும் கூட்டிக்கொண்டாள். அடுத்த பௌர்ணமிக்கு மருமகளையே அழைத்துப் போய் அவள் கையால் எட்டு விளக்கையும் ஏற்றவைப்பது. விரதம் இருந்து. வெறுங்காலோடு.

ஏழு மாதம். பதினாலு கிலோமீட்டர்.

நான் கேட்டேன், "அவ்ளோ தூரம் நடப்பாளா?" என்று.

"சாமி நடத்தி வெப்பாரு" என்றாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

இப்போது அந்தப் பேச்சுக்கு வருகிறேன். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு அந்தச் சென்னை அம்மா மாதுளை சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பாவம்ணா இந்த ஊர்ப் பொண்ணுங்க. கீரையும் முட்டையும் இங்க இவ்ளோ கம்மி விலைக்குக் கிடைக்குது. ஆனா என்ன சாப்பிடணும்னே அவங்களுக்குத் தெரியல. விழிப்புணர்வே இல்ல." நான் தலையை ஆட்டினேன். வண்டியில் வீட்டுக்குப் போகிற வழியில்தான் எனக்குச் சுருக்கென்று வந்தது. தெரியவில்லையா? என் மருமகளுக்குத் தெரியாததா? அடுப்படிச் சுவரில் ஒட்டிய அந்தத் தாளை அவள் கையில் கொடுத்திருந்தால் இங்கிலீஷிலேயே படித்திருப்பாள். கீரையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவள்தான் கீரையை உருவி எனக்குக் கட்டிக் கொடுத்தாள். தெரிவதற்கும் தட்டில் விழுவதற்கும் நடுவில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். அந்தக் கோபத்தை அன்றைக்கே வீட்டில் காட்டியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். வீட்டுக்குப் போனதும் கை கால் கழுவிக்கொண்டு முதல் ஆளாகச் சாப்பிட உட்கார்ந்தேன்.

பௌர்ணமி அன்று எங்கள் முதலாளி அன்னதானம் போட்டார். அந்த நாளில் மலையைச் சுற்றி எத்தனை இடத்தில் சோறு போடுவார்கள் என்று இந்த ஊருக்கு வந்தவர்களுக்குத் தெரியும். பத்தடிக்கு ஒரு பந்தி. புளிசாதம், தயிர்சாதம், கேசரி, மோர். வேண்டாம் என்றாலும் கையைப் பிடித்து இழுத்துக் கொடுப்பார்கள். நான் மத்தியானம் மூன்று மணியிலிருந்து கஃபே வாசலில் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று தக்காளி சாதம் போட்டுக்கொண்டிருந்தேன்.

நாலு மணி இருக்கும். கூட்டத்தில் என் மனைவி வந்தாள். கையில் பை, அதில் நெய் பாட்டில், அகல், திரி, சாமியிடம் வைத்து எடுக்க ஆஸ்பத்திரி நோட்டு. பின்னால் மருமகள். முகம் வெளுத்து உதடு காய்ந்திருந்தது. தார் ரோடு இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. காலை மாற்றி மாற்றி வைத்தாள். என்னோடு சோறு போட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் ஒருவர் அவளைப் பார்த்துவிட்டுத் தட்டை நீட்டினார்.

"வாம்மா, புள்ளத்தாச்சி பொண்ணு, ரெண்டு வாய் துன்னுட்டுப் போ. மலை எங்கியும் போயிடாது."

"வெரதம்ணா" என்றாள் என் மனைவி.

"நீ இரு வெரதம். உள்ள இருக்கற புள்ள இன்னா பாவம் பண்ணுச்சு?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. மருமகள் தட்டைப் பார்த்தாள். ஆவி பறக்கும் சாதம். தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கரண்டி என் கையில் இருந்தது. "சாப்புடும்மா" என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். இத்தனை பேர் நடுவில் மருமகளோடு பேசுவதா என்று வாய் அடைத்துவிட்டது. அதற்குள் வரிசை தள்ளியது. அவர்கள் போய்விட்டார்கள். நான் அடுத்த தட்டுக்குச் சாதம் போட்டேன்.

அரை மணி நேரத்தில், வழியில் அவர்களோடு சேர்ந்துகொண்ட மகன் ஓடி வந்தான். எமலிங்கத்துக்கிட்டே விளக்கு ஏற்றிவிட்டு எழுந்தவள் அப்படியே விழுந்துவிட்டாள் என்றான். மூன்றாவது விளக்கு அது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கூட்டத்தில் ஆம்புலன்ஸ் நகர முடியாமல் ஊர்ந்தது. அவளைச் சுற்றி நாலு பேர் விசிறிக்கொண்டிருந்தார்கள். யாரோ கையில் கேசரி வைத்துக்கொண்டு "வாயத் தொறம்மா, வாயத் தொறம்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அந்த ரோடு முழுக்கச் சோறு. நடுவில் பட்டினியாக விழுந்து கிடந்தாள் என் வீட்டுப் பெண்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா. ரத்தம் ஆறுக்குக் கீழே இறங்கியிருந்தது. பிள்ளையின் துடிப்பு சரியில்லை, தாய்க்கும் பிள்ளைக்கும் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்றார். சொல்லிவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

"நேத்து என்ன சாப்பிட்டாங்க?"

மகன் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினான். டாக்டரம்மா வாய்விட்டுப் படித்தார். "காலை, பீட்ரூட் ஜூஸ், முட்டை ரெண்டு. மதியம் பாலக்கீரை, பருப்பு. மாலை, சுண்டல், வெண்ணெய்ப் பழம்..." அங்கே நிறுத்தினார். "வெண்ணெய்ப் பழமா? நேத்தா? எங்க வாங்குனீங்க?"

மகன் தரையைப் பார்த்தான். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இருபது வருஷமாக யார் முன்னாலும் வாயைத் திறக்காத நான் திறந்தேன்.

"அது வேற ஒருத்தங்க சாப்புட்டதும்மா."

"என்னது?"

"நான் ஓட்டல்ல சமைக்கிறேன். அங்க இன்னொரு புள்ளத்தாச்சி அம்மா இருக்காங்க. அவங்க சாப்புட்டத இதுல எழுதிட்டோம். மொத நாள்லேருந்தே."

டாக்டரம்மா நோட்டை மூடினார். "மூணு வாரமா இல்லாத வியாதியைத் தேடிக்கிட்டு இருக்கேங்க. இவ பசியில இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்றார். பிறகு மெதுவாக, "சரி. இந்தப் பொண்ணு நேத்து என்ன சாப்பிட்டா?" என்றார்.

சென்னை அம்மா நேற்றுச் சாப்பிட்டது எனக்குப் பாதாம் கணக்கு வரை தெரியும். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற என் மருமகள் என்ன சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. புருஷனுக்கும் தெரியவில்லை. என் மனைவிக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கட்டிலில் இருந்து அவளே சொன்னாள், கண்ணைத் திறக்காமல்: "காலையில டீ. மத்தியானம் ரசம் சோறு. ராத்திரி சோறு இல்ல. மாத்திரை வெறும் வயித்துல போட்டா வாந்தி வருது. அதனால போடல."

ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். ஏற்றுகிற ரத்தத்துக்கு ஈடாக நானும் மகனும் கொடுத்தோம். ஊசியை எடுத்ததும் அங்கிருந்த பையன் எனக்கு ஒரு ஜூஸ், பிஸ்கட், வாழைப்பழம் கொடுத்தான். "சாப்ட்டுட்டுதான் எழுந்திரிக்கணும் பெரியவரே, இல்லன்னா மயக்கம் வரும்" என்று கண்டிப்பாகச் சொன்னான். பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கால் மணி நேரம் ரத்தம் கொடுத்தவனுக்கு உடனே வாழைப்பழம். ஏழு மாதமாக ராத்திரி பகலாக இன்னொரு உயிருக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறவளுக்கு அடிப்பானை ரசம்.

பிள்ளையின் துடிப்பு மறுநாள் சரியானது. பத்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் நான் வேலைக்குப் போகவில்லை. சமைத்தேன். முருங்கைக்கீரை, பருப்பு, ரெண்டு முட்டை. தட்டில் போட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்து மருமகள் முன்னால் வைத்தேன். அவள் பதறி எழுந்தாள்.

"இன்னாங்க இது? மாமனாரு மருமவளுக்குச் சோறு போடறதா? தெரு சிரிக்காது?" என்றாள் என் மனைவி.

"சிரிக்கட்டும். இனிமே இந்த வீட்டுல மொத தட்டு அவளுக்கு. அவ துன்னு முடிச்சப்புறம்தான் எனுக்கும் இவனுக்கும்."

"இவ்ளோ போட்டா புள்ள பெருசாயி..."

"டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன்" என்றேன். ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளில், கூச்சத்தை விழுங்கிக்கொண்டு நான் கேட்ட ஒரே கேள்வி அது. "நம்ம புள்ள செத்தது நீ சாப்புட்டதால இல்லயாம். ரெண்டு நாள் வலியில வீட்டுலயே வெச்சிருந்ததாலயாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருந்தா பொழைச்சிருக்குமாம்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கோபம் வந்தது. அந்த மாதிரிக் கோபத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை.

"அப்ப முப்பது வருஷமா ஒருத்தரும் என்கிட்ட சொல்லல? நான் எங்க தின்னேன்? வாயும் வயிறுமா இருந்தவளுக்கு உங்கம்மா வடிச்ச கஞ்சிதான் ஊத்துனாங்க. எனுக்கும் பசிச்சுது. தெரியுமா உனுக்கு? எனுக்கும் பசிச்சுது."

முப்பது வருஷத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியது அன்றுதான். எழுந்து சாமி மாடத்துக்குப் போனாள். விளக்குக்கு வைத்திருந்த நெய்யில் கால் பாட்டில் மிச்சம் இருந்தது. கொண்டுவந்து மருமகள் தட்டில் ஊற்றினாள். "துன்னுடி" என்றாள். "நல்லா பெசஞ்சி துன்னு." பிறகு வாசலுக்குப் போய் யாருக்கும் முகத்தைக் காட்டாமல் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து நோட்டை நான்தான் எழுதுகிறேன். மகன் எழுதிய பக்கங்களைக் கிழிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும். அதற்கு அடுத்த பக்கத்தில் என் கோணல் எழுத்து ஆரம்பிக்கிறது. "காலை இட்லி நாலு, முட்டை ஒன்று. இன்னொன்று வேண்டாம் என்றாள்." எதைச் சாப்பிட்டாளோ அதுதான். சாப்பிடாததையும் எழுதினேன். மாத்திரையைச் சோறு சாப்பிட்டதும் போட்டாள், வாந்தி நின்றது. நர்ஸம்மா படித்துவிட்டு, "பெரியவரே, உங்க எழுத்தப் படிக்கத் தனியா ஒரு படிப்பு படிக்கணும். ஆனா இதுலதான் சோத்து வாசனை வருது" என்று சிரித்தார். சென்னை அம்மா ஊருக்குப் போகும்போது அந்தத் தாளைச் சுவரிலிருந்து பிரித்து நான் எடுத்துக்கொண்டேன். மாதுளைக்கும் வெண்ணெய்ப் பழத்துக்கும் எங்களுக்கு வழியில்லை. கொய்யாவும் மல்லாட்டையும் போட்டேன். மருமகளின் அப்பா ஒரு மூட்டை மல்லாட்டை கொண்டுவந்து போட்டுவிட்டு, ஒரு வார்த்தை என்னைத் திட்டாமல் போனார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒன்பதாம் மாசக் கடைசியில் ரத்தம் பத்தைத் தொட்டது. பெண் குழந்தை. கத்தி வைக்கவில்லை. இரண்டே கால் கிலோதான். "சின்னதுதான், ஆனா தொண்டையைப் பாருங்க" என்றார் நர்ஸம்மா. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் குழந்தையைக் கையில் வாங்கும்போது அதில் குறைகிற எடை எனக்குத் தெரிந்தது. மீன் துண்டாக, பேரீச்சம்பழமாக, விளக்கில் எரிந்த நெய்யாக அது எங்கே போனது என்று எனக்குத் தெரியும். பாதிக்கு மேல் என் வயிற்றில்தான் இருக்கிறது.

பிள்ளை பார்க்க வந்த சொந்தக்காரர்கள் இப்போது பத்தியம் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு வைக்குமாம், கீரை கூடாதாம், முட்டை கூடவே கூடாதாம். முன்பு என்றால் நான் எழுந்து கொல்லைப் பக்கம் போயிருப்பேன். இப்போது சமையல்கட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். என் மனைவி உள்ளே நிற்கிறாள். "எங்க வீட்டுல டாக்டரம்மா சொல்றதுதான் பத்தியம். பாத்தாச்சு இல்ல, கெளம்புங்க" என்று அவளே சொல்லி அனுப்புகிறாள்.

நோட்டில் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டேன். இன்று காலையில் எழுதியது இது: இட்லி அஞ்சு, முருங்கைக்கீரைப் பொரியல், முட்டை ரெண்டு. ரெண்டாவது முட்டையை நான் வைக்கவில்லை. "மாமா, இன்னொரு முட்டை இருக்கா?" என்று அவளே கேட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து இல்லை. என் முகத்தைப் பார்த்து.

தை மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை.